இராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

67,46,32,83,88,800

மேலே உள்ள எண்ணை முதலில் வாய்விட்டுப் படித்தல் நன்று. ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மொத்தம் பதின்மூன்று இலக்கங்கள். திருப்பதி மாவட்டத்துச் சத்தியவேடு, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய ஊர். அங்குத் தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் வழங்குகின்றன. அவ்வூர் மாணவர் இதே எண்ணைத் தெலுங்கிலும் படித்துப் பார்க்கலாம். 'ஆறு லட்சல டெப்பை நாலுகு வேல' என்று அது தொடங்கும். தொடக்கத்து 'ஆறு' என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவான உறவுச்சொல். இலட்சமும் கோடியும் வடமொழியிலிருந்து இரு மொழிக்கும் வந்தவை. எந்த மொழியில் படித்தாலும் எண்ணின் இயல்பு மாறுவதில்லை. இப்பாடம் அந்த இயல்பைப் பற்றியதே.

இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள், அதாவது இதன் வகுத்திகள், மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எண்கள் ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரம் கோடிக்கும் மேல் உள்ளன. அவற்றுள் ஒன்றுக்கேனும் இத்தனை வகுத்திகள் இல்லை. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்ணுக்கு 'உயர் பகு எண்' என்று பெயர். இவ்வகை எண்களுக்குப் பெயரிட்டு, அவற்றின் இலக்கணத்தை வகுத்து, பட்டியலும் அமைத்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவர் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில் கடைசியாக நிற்பது இப்பதின்மூன்று இலக்க எண்.

'பகு எண்', 'பகா எண்' என்னும் தொடர்களைத் தமிழ் மாணவர் சற்று நின்று நோக்க வேண்டும். பகு எண் என்பது வினைத்தொகை. பகுத்த எண், பகுக்கின்ற எண், பகுக்கும் எண் என மூன்று காலத்துக்கும் அது பொருந்தும். பகா எண் என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'பகாத' என்பதன் இறுதி கெட்டு 'பகா' என நின்றது. நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என இரண்டாகப் பிரிப்பதை மாணவர் அறிவர். சொல்லுக்கு இலக்கணநூலார் வழங்கிய பெயர்களையே கணித நூலார் எண்ணுக்கும் எடுத்துக்கொண்டனர். பொருத்தமும் நன்கு அமைந்துள்ளது. பகுபதத்தைப் பிரித்துக்கொண்டே சென்றால் மேலும் பிரிக்க இயலாத உறுப்புகளில் முடிவது போல, பகு எண்ணைப் பிரித்துக்கொண்டே சென்றால் 2, 3, 5, 7, 11 போன்ற பகா எண்களில் முடியும்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் மாம்பழத்துக்குப் பெயர்பெற்றவை. ஒரு கூடையில் 60 மாம்பழங்கள் உள்ளன என்க. அவற்றை இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர் என எத்தனை பேர் வந்தாலும் ஒரு பழத்தையும் அறுக்காமல் சமமாகப் பங்கிடலாம். பத்துப் பேர், பன்னிருவர், பதினைவர் வந்தாலும் தடையில்லை. கூடையில் 100 பழங்கள் இருந்தால் மூவருக்கே சிக்கல் தோன்றிவிடும். ஒரு பழம் எஞ்சும். 100 பெரிய எண். எனினும் அதற்கு 9 வகுத்திகள்தாம் உள்ளன. 60க்கு 12 உள்ளன. 60ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 12 வகுத்திகள் கிடையா. ஆகவே 60 ஓர் உயர் பகு எண். ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு வட்டத்துக்கு 360 பாகை, ஒரு நாளுக்கு 24 மணி என்னும் அளவைகள் யாவும் இவ்வகை எண்களே. பங்கிட எளிதாக இருப்பதால் அவை நிலைத்தன எனக் கொள்வதில் தவறில்லை.

கிரேக்க அறிஞர் பிளேட்டோவும் இதனை அறிந்திருந்தார். 'சட்டங்கள்' என்னும் தம் நூலில் அவர் கற்பனை செய்த நகருக்கு 5,040 குடிகள் என வரையறுத்தார். நிலத்தைப் பங்கிடவும், படை வகுக்கவும், வரி தண்டவும் அவ்வெண் ஏற்றது என்பது அவர் கருத்து. 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களும் 5,040ஐ மீதியின்றி வகுக்கும். 11 மட்டும் வகுக்காது. அதற்கும் அவரிடம் ஒரு மருந்து இருந்தது: இரண்டு குடிகளைக் குறைத்தால் 5,038, அதனை 11 வகுத்துவிடும். 5,040க்கு 60 வகுத்திகள். இவ்வெண்ணை மாணவர் நினைவில் வைக்க. பின்னர் எதிர்பாராத இடத்தில் மீண்டும் வரும்.

நம் நாட்டுப் பழைய நாணய முறையிலும் பங்கீட்டின் தேவை தெரிகிறது. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆகவே ஒரு ரூபாய்க்கு 192 பை. 192க்கு 14 வகுத்திகள் உண்டு. மூன்றும் அவற்றுள் ஒன்று. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு என்றான பின், ஒரு ரூபாயை மூவருக்குச் சரியாகப் பங்கிட வழியில்லாமல் போயிற்று. பத்தால் பெருக்கவும் வகுக்கவும் எளிதாயிற்று என்பது அதற்கு ஈடு. தமிழரின் பழைய பின்னக் கணக்கு வேறு வழியில் சென்றது. அரை, கால், அரைக்கால், வீசம் என இரண்டிரண்டாகவும், மா, காணி எனவும் குறைந்து, முந்திரி என்னும் அளவில் வந்து நிற்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 320ஐப் பிரித்தால் ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் கிடைக்கும், மூன்று இல்லை. எனவே ஒன்றை மூன்றாகப் பங்கிட்டால் ஒரு பங்கு முழு முந்திரிகளில் அடங்காது.

இராமானுஜன் அணாவும் பையும் வழங்கிய காலத்தவர். 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் பரிசுகள் பெற்ற அவர், கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோல்வியுற்றார், உதவித்தொகையை இழந்தார், பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு நீங்கினார். 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அதைப் பையாக மாற்றினால் 5,760 ஆகும். அதற்கு 48 வகுத்திகளே உள. அதைவிடச் சிறியதாகிய பிளேட்டோவின் 5,040க்கு 60 உள்ளன என்பதை முன்னரே கண்டோம். 1913 சனவரியில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். அடுத்த ஆண்டே உயர் பகு எண்களைப் பற்றிய நீண்ட ஆய்வுக் கட்டுரை இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

ஓர் எண்ணின் வகுத்திகளை ஒவ்வொன்றாகத் தேடினால் வாழ்நாள் போதாது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. 60ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3 × 5, அதாவது 2² × 3 × 5. இதன் ஏதேனும் ஒரு வகுத்தியை உருவாக்க, இரண்டு என்னும் எண்ணை எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம், மூன்று வழிகள். மூன்று என்னும் எண்ணை எடுக்கலாம், விடலாம், இரண்டு வழிகள். ஐந்துக்கும் அவ்வாறே இரண்டு. ஆகவே 3 × 2 × 2 = 12 வகுத்திகள். சுருங்கச் சொன்னால், ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்.

நம் பேரெண்ணைப் பிரித்தால் கிடைப்பது இது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகள் முறையே 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டினால் 7, 5, 3, 3, 2, 2, 2, 2, 2. இவற்றைப் பெருக்கினால் 7 × 5 = 35; 35 × 9 = 315; 315 × 32 = 10,080. பதின்மூன்று இலக்க எண்ணின் ஆயிரக்கணக்கான வகுத்திகளை எண்ணி முடிக்க மூன்று வரி போதுமானதாக இருக்கிறது.

இந்த 10,080 பெரிய எண்ணிக்கைதானா என்பதை அறிய அண்டை அயலிலுள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும். இந்த அளவிலுள்ள எண்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 30 வகுத்திகளே இருக்கும். ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து 1917இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையின்படி, இத்தகைய பேரெண்களிலும் பெரும்பாலானவற்றில் மூன்று நான்கு வெவ்வேறு பகா எண்களே காரணிகளாக அமையும். நம் எண்ணில் ஒன்பது அமைந்துள்ளன.

மிகுதியான வகுத்திகள் வேண்டுமெனில் என்ன செய்யலாம்? ஒருவர், மிகச் சிறிய பகா எண்ணாகிய இரண்டையே திரும்பத் திரும்பப் பெருக்கலாம் என எண்ணக்கூடும். இரண்டை 42 முறை பெருக்கினால் 43,98,04,65,11,104 வரும். அதன் வகுத்திகள் வெறும் 43. மற்றொருவர், ஒவ்வொரு பகா எண்ணையும் ஒரேயொரு முறை எடுக்கலாம் என்பார். 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களையும் பெருக்கினால் 74,20,73,81,34,810 வரும். இது நம் எண்ணைவிடப் பெரிது. வகுத்திகளோ 4,096. முதல் வழியைவிட இது எவ்வளவோ மேல்; எனினும் 10,080இல் பாதியைக்கூட எட்டவில்லை. மூன்றாமவர் ஓர் இலட்சம் கோடி என்னும் அழகிய எண்ணைக் காட்டலாம். ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு பூச்சியங்கள், பார்வைக்கு முழுமை, வகுத்திகள் 169.

ஒரே பகா எண்ணைக் குவிப்பதும் பயனில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பரப்புவதும் முழுப் பயன் தராது. இரண்டுக்கும் இடையே ஒரு சரியான அளவு இருக்கிறது. அந்த அளவு எது என்பதே இராமானுஜன் தம் கட்டுரையில் ஆராய்ந்த வினா.

அவர் நிறுவிய முதற்செய்தி மாணவர்க்கும் எளிதில் விளங்கும். உயர் பகு எண்ணில் சிறிய பகா எண்ணின் அடுக்கைவிடப் பெரிய பகா எண்ணின் அடுக்கு ஒருபோதும் மிகுதியாக இருக்காது. 18ஐக் காண்க: 2 × 3². அதற்கு 6 வகுத்திகள். அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. அதற்கும் 6 வகுத்திகள்; ஆனால் எண் சிறியதாகிவிட்டது. ஆகவே 18 உயர் பகு எண் ஆக இயலாது. இவ்வாறு எந்த எண்ணிலும் செய்யலாம். நம் எண்ணின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 எனப் படிப்படியாக இறங்குவது இதனால்தான். நடுவில் எந்தப் பகா எண்ணையும் தாண்டிச் செல்லாததற்கும் இதுவே காரணம். 19ஐ விட்டுவிட்டு 23ஐ எடுத்தால் எண் வீணாகப் பெருக்குமே தவிர வகுத்தி கூடாது.

இரண்டாம் செய்தி சற்று வியப்பானது. உயர் பகு எண்ணின் கடைசிப் பகா எண்ணுக்கு அடுக்கு எப்போதும் ஒன்றுதான். இதற்கு 4, 36 என்னும் இரண்டு எண்களே விலக்கு. எண்கள் எவ்வளவு பெரிதாகிச் சென்றாலும் மூன்றாவது விலக்கு கிடையாது. அடுத்தடுத்த இரண்டு உயர் பகு எண்களின் விகிதம், எண்கள் பெருகப் பெருக, ஒன்றை நெருங்கும் என்பதையும் அவர் நிறுவினார். இவற்றுக்கான நிறுவல்கள் பெரும்பாலும் சமனிலிகளால் ஆனவை. சமனிலிகளைக் கையாள்வதில் இராமானுஜனுக்கிருந்த தேர்ச்சியை ஹார்டி இக்கட்டுரையைக் குறித்துத் தனித்துப் பாராட்டினார்.

எண்ணின் இயல்பைப் பிறர் சொல்லக் கேட்பதைவிடத் தாமே சோதித்தல் சிறப்பு. தாளும் எழுதுகோலும் போதும். இலக்கங்களைக் கூட்டுக: 6 + 7 + 4 + 6 + 3 + 2 + 8 + 3 + 8 + 8 + 8 + 0 + 0 = 63. அது ஒன்பதின் மடங்கு. ஆகவே எண்ணும் ஒன்பதால் வகுபடும். அடுத்து, எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்க: 6 | 746 | 328 | 388 | 800. இவற்றை வலமிருந்து இடமாக ஒன்றைக் கூட்டியும் அடுத்ததைக் கழித்தும் வருக.

800 − 388 + 328 − 746 + 6 = 0

விடை சரியாகப் பூச்சியம். இதன் பொருள், நம் எண் 1,001ஆல் வகுபடும் என்பது. ஆயிரம் என்பது 1,001ஐவிட ஒன்று குறைவு; அதனால் இடப்பக்கம் நகரும் ஒவ்வொரு பகுதிக்கும் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வருகின்றன. 1,001 என்பதோ 7 × 11 × 13. ஆகவே ஒரே சோதனையில் மூன்று பகா எண்கள் உறுதியாகிவிட்டன. 17, 19, 23 ஆகியவற்றுக்கு இத்தகைய குறுக்குவழி அவ்வளவு எளிதன்று. நீள் வகுத்தலே நன்று. வகுத்தலில் கை பழகாதவர்க்கு அது நல்ல பயிற்சியும் ஆகும்.

நம் எண்ணை 1 முதல் 28 வரையுள்ள எல்லா எண்களும் மீதியின்றி வகுக்கும். 29தான் முதலில் தோற்கிறது. இதற்கு அடுத்த எண்ணாகிய 67,46,32,83,88,801இன் நிலை நேர்மாறானது. அதனை 2 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் ஒன்று எஞ்சும். பிளேட்டோவின் நகரம் போலப் பத்துக்குள் அடங்காமல், இருபத்தெட்டு வரை யார் வந்து பங்கு கேட்டாலும் இல்லையென்னாத எண்ணுக்கு அடுத்த கதவிலேயே அவர்களுள் ஒருவருக்கும் சரியாகப் பங்கிடாத எண் குடியிருக்கிறது. எண்வரிசையில் அண்மைக்கும் உறவுக்கும் தொடர்பில்லை.

இனி, பட்டியலைப் பற்றி ஒரு செய்தி. நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கொண்ட அப்பட்டியல், கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் அமைக்கப்பட்டது. அதில் ஓர் எண் விடுபட்டுவிட்டது என்பதைப் பின்வந்த கணித அறிஞர்கள் கண்டனர். விடுபட்ட எண் 2,93,31,86,25,600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

அதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. முன்னே கண்ட வரியோடு இதை ஒப்பிட்டால் ஒரே வேறுபாடு தெரியும்: இதில் 23 இல்லை. பட்டியலின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் விடுபட்ட எண் வந்துவிடுகிறது. கடைசி எண்ணுக்குள்ளேயே அது மறைந்திருந்தது எனலாம். அதன் வகுத்திகள் எத்தனை? 10,080இல் பாதி. அதாவது பிளேட்டோவின் 5,040.

அந்த எண்ணை அடுத்து வரும் உயர் பகு எண் 3,21,25,37,32,800. இராமானுஜன் பட்டியலில் இது உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு நுட்பம் புலப்படும். விடுபட்ட எண்ணிலிருந்து ஒரு மூன்றையும் ஓர் ஏழையும் நீக்கிவிட்டு, அவற்றுக்குப் பதில் 23ஐ வைத்தால் அடுத்த எண் கிடைக்கும். 3 × 7 = 21. ஆக, 21 போய் 23 வந்தது. எண் சிறிதே பெருத்தது. வகுத்திகள் என்னாயின? மூன்றின் அடுக்கு 4இலிருந்து 3 ஆனதால் ஐந்து வழிகள் நான்காயின. ஏழின் அடுக்கு 2இலிருந்து 1 ஆனதால் மூன்று வழிகள் இரண்டாயின. 23 புதிதாகச் சேர்ந்ததால் எல்லாம் இருமடங்காயிற்று. 5,040ஐ 5ஆல் வகுத்து 4ஆல் பெருக்குக: 4,032. அதனை 3ஆல் வகுத்து 2ஆல் பெருக்குக: 2,688. இருமடங்காக்குக: 5,376. இழப்பு இரண்டு, வரவு ஒன்று; ஆயினும் கணக்கு வரவிலேயே முடிகிறது. ஒவ்வொரு பகா எண்ணையும் எத்தனை முறை எடுப்பது என்னும் வினா இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான கொடுக்கல் வாங்கல்களை உள்ளடக்கியது. அத்தனையையும் கையால் சீர்தூக்கியதில் ஒன்று தவறியது பெரிதன்று. மற்றவை தவறாமல் நின்றதே பெரிது.

விடுபட்ட எண்ணையும் மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துச் சோதிக்கலாம். 600 − 625 + 318 − 293 = 0. இதன் வகுத்திகளின் எண்ணிக்கை 5,040. அது தானும் ஓர் உயர் பகு எண். அதன் வகுத்திகள் 60. அதுவும் உயர் பகு எண். 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. இவை யாவும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. 4க்கு 3 வகுத்திகள் என்னும் இடத்தில் சங்கிலி அறுகிறது. 3 ஒரு பகா எண்.

இக்கட்டுரையே இராமானுஜனுக்குப் பட்டம் பெற்றுத் தந்தது. இந்தியாவில் இடைநிலைத் தேர்விலேயே தோற்றவருக்கு, 1916 மார்ச்சில், ஆராய்ச்சியின் அடிப்படையில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் பி.ஏ. பட்டம் அளித்தது. ஆனால் எழுதியது முழுவதும் அப்போது அச்சேறவில்லை. போர்க்காலம் அது, இலண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்க வேண்டிக் கட்டுரையின் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் இராமானுஜன் சென்னையில் மறைந்தபோதும் அப்பகுதி வெளிவராமலே இருந்தது. ழான் லூயி நிக்கோலா, கீ ரோபின் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவர் அதற்குக் குறிப்புகள் எழுதினர். 1997இல் இராமானுஜன் பெயரையே தாங்கிய ஆய்விதழில் அது வெளியாயிற்று. எழுதப்பட்டதற்கும் அச்சானதற்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. ஒரு கழகத்தின் வரவு செலவுக் கணக்கில் ஏற்பட்ட இடைவெளியை எந்த உயர் பகு எண்ணாலும் நிரப்ப முடியவில்லை போலும்.

பட்டியல் 67,46,32,83,88,800உடன் நின்றாலும் உயர் பகு எண்கள் அதனுடன் நிற்பதில்லை. அவற்றுக்கு முடிவே கிடையாது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதன் இருமடங்குக்கு அதைவிட மிகுதியான வகுத்திகள் உண்டு என்பதிலிருந்தே இதனை உணரலாம். நம் எண்ணை வகுக்காமல் தோற்ற 29ஐக் கொண்டு அதனைப் பெருக்கினால் 19,56,43,52,32,75,200 வரும். அதுவும் ஓர் உயர் பகு எண், வகுத்திகள் 20,160. அடுத்த பகா எண்ணாகிய 31ஆல் மீண்டும் பெருக்கினாலும் உயர் பகு எண்ணே கிடைக்கும், வகுத்திகள் 40,320. இவ்வெண்ணிக்கைகளையும் சோதித்துப் பார்க்கலாம். 10,080 ஓர் உயர் பகு எண். 20,160உம் அவ்வாறே. 40,320 அன்று: அதற்கு உள்ளவை 96 வகுத்திகள், அதே 96 வகுத்திகள், அதைவிட மிகச் சிறிய 27,720க்கே உள்ளன.